சீமோன் பேரில் ஒரு பாவம்

காட்டிக்கொடுப்பவனை எட்டப்பன் என்போம். கோள்மூட்டுகிறவருக்கு நாரதர் பட்டம். கூட இருந்தே குழி பறிப்பவன் சகுனி. பெயரைச் சூட்டியதோடு நம் வேலை முடிந்துவிடும். எட்டயபுரத்துக்காரர் உண்மையில் என்ன செய்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சினிமா வசனம்தான் கைகொடுக்கும். ஒரு பெயர் வசவாக மாறும்போது ஆள் காணாமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்.

கிறிஸ்தவர்களிடையே அப்படி வசவான பெயர் யூதாஸ். முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரையே விற்றவன். ஆனால் திருச்சபைச் சட்டப் புத்தகத்தில் ஒரு குற்றத்தின் பெயராக ஏறி உட்கார்ந்தது அவன் பெயரல்ல. விற்றவனை விட்டுவிட்டு, வாங்க வந்து வெறுங்கையோடு திரும்பிய இன்னொருவனைச் சட்டம் பிடித்துக்கொண்டது. அவன் சமாரியா நாட்டுச் சீமோன். குருப்பட்டம், ஆயர் பதவி, திருவருட்சாதனம், ஆசீர்வாதம் என்று ஆவிக்குரிய எதையும் காசுக்கு வாங்குவதும் விற்பதும் லத்தீனில் 'சிமோனியா'. இந்தக் கட்டுரையில் அதைச் சீமோனியம் என்றே எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில்தான் அவன் வருகிறான். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபின் எருசலேம் சபை சிதறுகிறது. பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே சீமோன் பெரிய ஆள். மந்திர வித்தைகளால் ஊரையே வாய்பிளக்க வைத்தவன், தேவனுடைய பெரிய சக்தி என்று சிறியோரும் பெரியோரும் கொண்டாடிய மனிதன். பிலிப்பு பிரசங்கித்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்கிறது. சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்று, பிலிப்பைவிட்டு அகலாமல் கூடவே சுற்றுகிறான். நடித்தான் என்று லூக்கா எழுதவில்லை. விசுவாசித்தான் என்றுதான் எழுதுகிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் வருகிறார்கள். அவர்கள் கைவைத்து ஜெபித்ததும் ஜனங்கள் பரிசுத்த ஆவியைப் பெறுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த சீமோன் பணத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அவன் என்ன கேட்டான் என்பதைப் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. தனக்கு ஆவி வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. தான் யார்மேல் கைவைத்தாலும் அவர்களுக்கு ஆவி கிடைக்கும்படியான அதிகாரம் வேண்டும் என்றான். வெளிப்படையாகச் சொன்னால், சமாரியா வட்டாரத்துக்கு ஏஜென்சி கேட்டான்.

லூக்கா பணவிஷயத்தில் கண்வைத்து எழுதுகிறவர். நான்காம் அதிகாரத்தில் பர்னபா நிலத்தை விற்று முழுப் பணத்தையும் அப்போஸ்தலரின் பாதத்தில் வைக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்று, கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, மொத்தமும் இதுதான் என்று பாவனை காட்டி விழுந்து சாகிறார்கள். எட்டாம் அதிகாரத்தின் முற்பாதியில் சீமோன். அதே அதிகாரத்தின் பிற்பாதியில் எத்தியோப்பிய அரசி கந்தாகேயின் பொக்கிஷம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ரதத்தில் வருகிறார். ஒரு நாட்டின் கஜானாவே அவர் பொறுப்பில். அவர் பிலிப்புவிடம் காசுப் பேச்சே எடுக்கவில்லை. தண்ணீர் இருக்கிறது, எனக்கு என்ன தடை என்று மட்டும் கேட்டு ஞானஸ்நானம் பெற்றுப் போகிறார். இரண்டு கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பேதுருவின் பதில் கடுமையானது. உன் வெள்ளி உன்னோடே நாசமாகட்டும் என்கிற கருத்தில் தொடங்குகிறார். அதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் காரணம் சொல்லும்போது பணத்தை விட்டு வேறிடத்துக்குப் போய்விடுகிறார். உன் இருதயம் நேராக இல்லை என்கிறார். இருதயத்தில் எழுந்த எண்ணம் மன்னிக்கப்படும்படி வேண்டிக்கொள் என்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'எபினோயா'. சும்மா தோன்றி மறையும் நினைப்புக்கு அப்பால், உள்ளே போட்டு வைக்கும் திட்டத்தையும் குறிக்கிற சொல். நீட்டிய கை சாட்சி மட்டும்தான், குற்றவாளி உள்ளே இருக்கிறான் என்பது பேதுருவின் வாதம். அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் திருச்சபைச் சட்டம் பட்ட பாடெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. கையைப் பிடிக்கலாம், உள்ளே இருக்கிறவனை எப்படிப் பிடிப்பது?

பெயரைப் பார்ப்போம். எபிரேயத்தில் ஷிம்ஓன். லேயாள் தன் இரண்டாம் மகனுக்கு இட்ட பெயர். நான் வெறுக்கப்படுவதைக் கடவுள் கேட்டார் என்று அவள் சொன்னதிலிருந்து, கேட்டல் என்ற வினையடியில் பிறந்தது. முதல் நூற்றாண்டு யூதர்களிடையே தெருவுக்கு இரண்டு சீமோன் இருந்திருப்பார்கள். புதிய ஏற்பாட்டிலேயே எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர் தேறுவார்கள். பேதுரு, செலோத்தே, சிலுவை சுமந்த சிரேனேக்காரர், குஷ்டரோகி, பரிசேயர், இயேசுவின் சகோதரருள் ஒருவர், யோப்பா பட்டணத்துத் தோல் பதனிடுகிறவர், நம் மந்திரவாதி. ஒன்பதாவது ஆள் யூதாஸ் ஸ்காரியோத்தின் அப்பா. விற்றவனுக்குத் தகப்பன் பெயரும் வாங்க வந்தவன் பெயரும் ஒன்றே. திட்டியவர் பெயரும் அதுதான். பேதுரு என்பது பின்னால் ஆண்டவர் கொடுத்த பெயர், பாறை என்று பொருள். நம் பழைய கத்தோலிக்கர்கள் அவரை இராயப்பர் என்றார்கள். தெலுங்கில் ராயி என்றால் கல் என்பதோடு அது அழகாகப் பொருந்தும். ஆக, சமாரியாவில் ஒரு சீமோன் இன்னொரு சீமோனின் இருதயத்தைச் சோதித்தான்.

அவனுடைய பட்டப்பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. மேற்கே அவனை 'சைமன் மேகஸ்' என்பார்கள். 'மாகோஸ்' என்பது பாரசீகப் பூசாரி வகுப்பாரின் பெயர், கிரேக்கர் வாயில் அது மந்திரவாதி என்றும் ஆனது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் பெத்லகேமுக்கு வரும் கீழ்த்திசையாரைக் குறிப்பதும் இதே சொல்தான். தமிழில் அவர்கள் சாஸ்திரிகள், ஞானிகள், நம் பழைய பேச்சில் மூன்று ராஜாக்கள். சீமோன் மட்டும் மாயவித்தைக்காரன். அந்த மாகோஸ்கள் பொன்னைக் கொண்டுவந்தார்கள், ஏற்கப்பட்டது. இந்த மாகோஸ் வெள்ளியைக் கொண்டுவந்தான், விரட்டப்பட்டான். இரண்டு தரப்பும் நீட்டியது விலையுயர்ந்த உலோகம்தான். முன்னவர்கள் பதிலுக்கு எதுவும் கேட்காமல் வேறு வழியாக ஊருக்குப் போய்விட்டார்கள்.

சீமோனின் பெயர் நேராகச் சட்டத்துக்குள் போகவில்லை, வழியில் கதைகளுக்குள் நுழைந்து நீண்ட நாள் தங்கியது. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ஜஸ்டின் அதே சமாரியா மண்ணில் பிறந்தவர், இன்றைய நாப்லஸ்காரர். பேரரசர் அந்தோனினுஸ் பயுஸுக்கு எழுதிய விண்ணப்பத்தில் அவர், சீமோன் கித்தா என்ற ஊர்க்காரன் என்றும், கிளௌதியுஸ் காலத்தில் ரோமுக்கு வந்தான் என்றும், டைபர் நதித் தீவில் அவனுக்குச் சிலையே வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்கிறார். சிலையடியில் 'சிமோனி தேயோ சாங்க்தோ' என்று, அதாவது சீமோன் என்னும் புனிதக் கடவுளுக்கு என்று, பொறித்திருக்கிறதாம். 1574ஆம் ஆண்டு அதே தீவில் ஒரு கல் கிடைத்தது. அதில் இருந்தது 'செமோனி சாங்கோ தேயோ ஃபிதியோ'. செமோ சாங்குஸ் என்பது சத்தியங்களைக் காக்கும் பழைய சபீனியத் தெய்வம். ஜஸ்டின் பார்த்தது இந்த மாதிரிக் கல்லாகத்தான் இருக்க வேண்டும், எழுத்து மயக்கத்தில் சமாரியச் சீமோனைக் கண்டுவிட்டார் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. ஆணையைக் காக்கிற தெய்வத்தின் கல்லைப் போலிப் பக்தனின் சிலையாக வாசித்தது சொல்வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

அதன்பின் கதை வளர்ந்துகொண்டே போயிற்று. இரெனேயுஸ் எல்லாப் பதிதங்களுக்கும் மூலவேர் அவன்தான் என்றார். அவன் விசுவாசித்ததே பாசாங்கு என்றும் எழுதினார். பேதுருவின் பெயரில் வழங்கிய புறநூல் ஒன்றில் சீமோன் ரோம் நகருக்கு மேலே பறக்கிறான், பேதுரு ஜெபிக்கிறார், அவன் விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறான். பேதுரு முழங்காலிட்டு ஜெபித்ததில் பதிந்த தடம் என்று ரோமில் சாந்தா பிரான்செஸ்கா ரொமானா கோவிலில் கற்களை இன்றும் காட்டுகிறார்கள். இந்தக் கதைகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பறக்கிற மந்திரவாதியைக் காட்டிவிட்டால் கேட்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், பீடத்தின் முன் உட்கார்ந்திருக்கிற யாரும் பறப்பதில்லையே. நம் ஊரில் நான் கேட்ட பிரசங்கங்களிலும் எட்டாம் அதிகாரம் பெரும்பாலும் செய்வினை, மாந்திரீகம் பக்கம் திரும்பிவிடும். பேதுரு கண்டித்த இடத்தில் மந்திரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சட்டம் சீமோனைத் தேடி வந்ததற்குக் காரணம் சொத்து. வேதகலாபனைக் காலத்தில் ஆயர் பதவியை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், தலை போகிற வேலை. கொன்ஸ்தந்தீனுக்குப் பின் ஆயர் என்றால் நிலம், வருமானம், அரண்மனையில் ஆசனம். 451இல் கல்கேதோன் பொதுச்சங்கம் தன் இரண்டாவது விதியிலேயே பணத்துக்குப் பட்டம் கொடுப்பதைத் தடைசெய்தது. கொடுத்தவருக்கு மட்டுமல்லாமல், இடையில் நின்று தரகு பார்த்தவருக்கும் தண்டனை.

இந்த வழக்கத்தைச் சீமோனின் பதிதம் என்று ஓயாமல் கடிந்தவர் 590முதல் 604வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார். கோல் நாட்டில் பட்டங்கள் விலைபோவதைக் கண்டு கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். ஆனால் அவருடைய சிறந்த பங்களிப்பு ஒரு பிரசங்கத்தில் இருக்கிறது. இலவசமாகப் பெற்றீர்கள், இலவசமாகக் கொடுங்கள் என்ற போதனையை விளக்கும்போது, கைம்மாறு மூன்று வழியில் வரும் என்கிறார். கையால் வருவது பணம். நாவால் வருவது புகழ்ச்சி, சிபாரிசு. ஊழியத்தால் வருவது, வேண்டியவருக்குக் குனிந்து செய்கிற பணிவிடை. மூன்றும் இல்லாமல் கொடுத்தவரும் பெற்றவருமே சுத்தமானவர்கள் என்பது அவர் கணக்கு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்து வரும். ஆயருக்குக் காசு கொடுத்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆயர் வரும் நாளில் மாலையை வாங்கிவைத்துக்கொண்டு முன்வரிசையில் முண்டுகிறவர்களைத் தெரியும். பங்குச்சாமியின் பிரசங்கம் ஒவ்வொன்றையும் இதுவரை கேட்டிராதது என்று புகழ்ந்தே பங்குப்பேரவையில் இடம்பிடித்தவர்களைத் தெரியும். கிரகோரியாரின் நாவும் ஊழியமும் உயிரோடுதான் இருக்கின்றன. சட்டப் புத்தகத்தால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை, பணத்தோடு நின்றுகொண்டது.

சரி, பணத்தையாவது பிடித்ததா? பதினோராம் நூற்றாண்டு ரோமுக்குப் போக வேண்டும். ஒன்பதாம் பெனடிக்ட் இளவயதிலேயே குடும்பச் செல்வாக்கால் பாப்பரசரானவர், நடத்தையில் ஊர் சிரித்தது. அவருக்கு ஞானத்தகப்பன் என்று சொல்லப்படும் ஜான் கிராசியன் என்ற மூத்த குரு, லத்தீன் வாசல் பக்கத்துப் புனித யோவான் கோவிலைச் சேர்ந்தவர், நல்ல பெயரெடுத்த மனிதர். 1045இல் அவர் பெனடிக்டுக்குப் பெருந்தொகை கொடுத்து அவரைப் பதவி விலகவைத்து, தாமே ஆறாம் கிரகோரி என்று பாப்பரசரானார். திருச்சபைக்குப் பிடித்த பீடையைத் தொலைக்கத் தன் கைக்காசைப் போட்டார் என்று சொல்ல இடமிருக்கிறது. சீர்திருத்தத்துக்காகவே வாழ்ந்த பீட்டர் தமியான் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றுக் கடிதம் எழுதினார்.

அடுத்த ஆண்டு பேரரசன் மூன்றாம் ஹென்றி இத்தாலிக்கு வந்தான். 1046 டிசம்பரில் சூத்ரி நகரில் சங்கம் கூடியது. கிரகோரி பதவியிழந்தார். ஜெர்மனிக்கு நாடுகடத்தப்பட்டார். கூடவே போன இளைஞர் ஹில்டபிராண்ட் பின்னாளில், 1073இல், பாப்பரசரானபோது எடுத்துக்கொண்ட பெயர் ஏழாம் கிரகோரி. சீமோனியத்தை வேரறுக்க ஆயுள் முழுக்கப் போராடிய அவர், அந்தக் குற்றத்துக்காகவே பதவியிழந்த மனிதரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். உள்நோக்கம் சுத்தம், செய்கை அசுத்தம் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது பழைய எஜமானருக்கு விசுவாசமாக மட்டும் இருந்திருக்கலாம். ஆறாம் கிரகோரியின் எண்ணத்தைப் பற்றியும் நாம் இவ்வளவுதான் சொல்ல முடியும். பீடையை ஒழிக்க வேண்டும் என்ற ஆசைக்குள்ளேயே, ஒழித்த இடத்தில் தான் உட்கார வேண்டும் என்ற ஆசை ஒட்டிக்கொண்டிருந்ததா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். வேறொருவரை அந்த ஆசனத்தில் உட்காரவைத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

மூன்று ஆண்டு கழித்து ரைம்ஸ் நகரில் நடந்ததை மடத்துத் துறவி அன்செல்ம் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1049 அக்டோபர். ஒன்பதாம் லியோ புதிதாகப் பாப்பரசரானவர். புனித ரெமிஜியுஸ் மடத்துக் கோவிலை அபிஷேகம் செய்ய வந்தவர், புனிதரின் எலும்புகள் இருந்த பேழையைப் பீடத்தின்மேல் வைக்கச் சொல்லி, சங்கத்தை அதன் முன்னிலையிலேயே கூட்டினார். முதல் கேள்வி: உங்களில் யாராவது பணம் கொடுத்து இந்தப் பதவிக்கு வந்தீர்களா, பணம் வாங்கிப் பட்டம் கொடுத்தீர்களா? ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும்.

சபை நெளிந்தது. ரைம்ஸ் பேராயரே தவணை கேட்டார். லாங்ர் ஆயர்மேல் குற்றச்சாட்டுகள் குவிந்தன, இரவோடிரவாக ஆள் கம்பி நீட்டிவிட்டார். அவருக்காகப் பேச எழுந்த பெசன்ஸோன் பேராயருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, புனிதரின் செயல் என்று எல்லாரும் நம்பினார்கள். நாந்த் ஆயர் ஒப்புக்கொண்டார், மோதிரமும் செங்கோலும் பறிபோயின.

நெவேர் ஆயர் சொன்னது வேறு. என் பெற்றோர் எனக்காகப் பெரும்பணம் கொடுத்தார்கள், எனக்கு அப்போது தெரியாது என்றார். ஆத்துமத்தைக் கெடுத்துக்கொள்வதைவிடப் பதவியை விடுவது மேல் என்று சொல்லி, செங்கோலைப் பாப்பரசரின் காலடியில் வைத்தார். தெரியாமல் நடந்தது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு லியோ பதவியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் வேறொரு செங்கோலால். பழைய கோலைத் தொடவில்லை. கூத்தான்ஸ் ஆயர் தன் சகோதரன் வாங்கித் தந்த பதவி இது, தெரிந்ததும் ஓடப் பார்த்தேன், பிடித்து இழுத்துவந்து பட்டம் கட்டினார்கள் என்றார். அவரும் சத்தியம் செய்து தப்பினார். இவர் பெயர் ஜெஃப்ரி. பின்னாளில் இங்கிலாந்தை வென்ற வில்லியமோடு போய்ப் பெருநிலக்கிழாரானவர். ஓடப் பார்த்தேன் என்று சொன்னவர் பின்னால் எதிலிருந்தும் ஓடியதாகத் தெரியவில்லை என்பதை ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

வேறு செங்கோல் கொடுத்ததுதான் இந்தக் காட்சியில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பணத்தால் வந்த பொருளையும் எண்ணத்தால் வந்த குற்றத்தையும் அந்த ஒரு செய்கையில் லியோ பிரித்துக் காட்டினார். மனிதனுக்கு அதே பதவி, கையில் புதுக் கோல். இருந்தாலும் அறியாமல் என்ற சொல்லுக்கு ஆதாரம் ஆயரின் வாய் மட்டுமே. பீடத்தின்மேல் எலும்புப் பேழையை வைத்தது அதற்காகத்தான். மனிதன் பார்க்க முடியாததைப் புனிதர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு.

சட்ட அறிஞர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. 1140 வாக்கில் பொலோஞாவில் தொகுக்கப்பட்ட கிராசியனின் சட்டத்தொகுப்பில் வழக்குகள் பகுதி சீமோனியத்தில்தான் தொடங்குகிறது. ஒரு தகப்பன் மகனை மடத்தில் சேர்க்கிறான், மடம் பணம் கேட்கிறது, கொடுக்கிறான், பையனுக்கு விஷயமே தெரியாது. வளர்ந்து குருவாகி, தகப்பனின் பணத்தாலும் பணிவிடையாலும் ஆயராகிறான். இப்போது அவன் யார்? நம் ஊரில் நன்கொடை கொடுத்து வேலை வாங்கிக்கொடுத்த அப்பாவின் பிள்ளைகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

விற்பவனுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, குணமாகித் திரும்பிய நாகமானின் ரதத்துக்குப் பின்னால் ஓடி, எஜமான் வேண்டாமென்றதைப் பொய்சொல்லி வாங்கினான். இரண்டு தாலந்து வெள்ளி, இரண்டு மாற்று உடை. கூடவே நாகமானின் குஷ்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவன் சீமோனின் பிள்ளை, விற்கிறவன் கேயாசியின் பிள்ளை என்று இடைக்கால எழுத்தாளர்கள் பிரித்தார்கள். இந்த இரண்டாம் பெயர் நிலைக்கவில்லை. பழி முழுதும் வாங்க வந்தவன் தலையிலேயே விழுந்தது. கூண்டில் நிற்பது சீமோன் மட்டுமாக இருந்தால் விற்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு வசதிதானே என்று தோன்றுகிறது. கவிஞர் தாந்தே அந்த வசதியைக் கொடுக்கவில்லை. தன் 'நரகம்' காவியத்தின் பத்தொன்பதாம் காண்டத்தை மந்திரவாதிச் சீமோனின் பெயரைச் சொல்லியே தொடங்கி, பாறைக் குழிகளில் தலைகீழாக நட்டு, உள்ளங்காலில் தீவைத்தது பாப்பரசர்களுக்கு.

தாமஸ் அக்குவீனாஸ் சீமோனியத்துக்கு எழுதிய இலக்கணம் ஒரே வரி. அதில் முதலில் வருவது சித்தம் என்ற சொல். வாங்குவது விற்பது பற்றிய திட்டமிட்ட சித்தமே குற்றம் என்றார், செயலை இரண்டாவதாக வைத்தார். பேதுரு சொன்ன இடத்துக்குச் சொல் ஒருவழியாகத் திரும்பி வந்தது. அவர் வழியில் சட்டக்காரர்கள் மூன்று வகை பிரித்தார்கள். பேசிக் கைமாறியது ஒன்று, பேசிமுடித்துக் கைமாறாமல் நிற்பது ஒன்று, பேச்சே இல்லாமல் மனத்தில் மட்டும் இருப்பது ஒன்று. ஆயருக்குப் பரிசு கொடுக்கிறேன், வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. இது மனச் சீமோனியம். வெளி நீதிமன்றம் இதைத் தண்டிக்க முடியாது, ஆத்தும சோதனைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் உரியது என்று விட்டுவிட்டார்கள். மிகப் பரவலானது எதுவோ அதற்கு வழக்கே கிடையாது.

எண்ணத்தைக் கைவிட்ட சட்டம் எவ்வளவு தூரம் கெட்டிக்காரத்தனமாக மாறும் என்பதற்கு இங்கிலாந்து போதும். அங்கே ஒரு காலத்தில் ஒரு பங்குக்கு அடுத்த குருவை நியமிக்கும் உரிமை விலைக்குப் போகும் சொத்தாக இருந்தது. இருக்கிற குரு உயிரோடிருக்கும்போது அந்த உரிமையை விற்றால் வியாபாரம், அவர் கண்ணை மூடி இடம் காலியானபின் விற்றால் சீமோனியம். நோய்ப் படுக்கையில் கிடந்த குருக்களின் மூச்சை எத்தனை பேர் எண்ணிக்கொண்டிருந்தார்களோ.

பாப்பரசர் தேர்தலிலும் ஒரு திருப்பம் உண்டு. 1505இல் இரண்டாம் ஜூலியுஸ், பணத்தால் நடந்த தேர்தல் செல்லாது என்று ஆணையிட்டார். 1904இல் பத்தாம் பயஸ் அதை எடுத்துவிட்டார். 1996இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட தேர்தல் சட்டமும் அதே வழி. சீமோனியம் செய்தவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார், ஆனால் தேர்தல் செல்லும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாப்பரசரின் ஆட்சியும் எவர் கிளப்பும் சந்தேகத்துக்கும் பலியாகிவிடும். உள்நோக்கத்தைத் துருவத் தொடங்கினால் எந்த ஆசனமும் நிற்காது என்பதைச் சட்டம் தானே ஒத்துக்கொண்ட இடமாக இதை வாசிக்கிறேன்.

நம் பங்குகளில் இந்தச் சொல்லைக் கேட்க முடியாது, காரியம் மட்டும் மேசைமேல் விரிந்து கிடக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் அலுவலகத்தில் பூசை எழுதும் நோட்டு. இறந்தவர் ஆன்மா இளைப்பாற்றிக்கு, வேளாங்கண்ணி மாதாவுக்கு நன்றியாக, பேரன் விசா கிடைக்க. காணிக்கைத் தொகையை ஆயர்கள் தீர்மானித்திருப்பார்கள். வியாபாரத்தின் சாயல்கூடப் பூசைக் காணிக்கையில் இருக்கலாகாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 947ஆம் விதி. ஒரு நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தாலும் குரு ஒன்றின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு. காசில்லாத ஏழையின் கருத்துக்கும் பூசை வைக்கும்படி குருக்களை அதே சட்டம் வற்புறுத்துகிறது. நல்ல விதிகள். இருந்தும் வரிசையில் நின்ற ஒரு பாட்டி நோட்டைக் கொடுத்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டதைக் கேட்டேன்: "ஏம்யா, போன வாரம் அவுக பேர ரெண்டு தடவ வாசிச்சாக. எங்க வீட்டுக்காரர் பேர ஒரு தடவதான் வாசிச்சாக. அதே காசுதான குடுத்தேன்?"

பூசைக்குக் குறித்துக்கொடுக்கும் வேண்டுதலைக் 'கருத்து' என்கிறோம். நோட்டில் கருத்து என்று தலைப்பிட்ட கட்டத்தில் பெயரும் தேதியும் எழுதியாயிற்று. பாட்டியின் கருத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வீட்டுக்காரர்மேல் அவளுக்கு இருந்த பாசமும் பக்கத்து வீட்டாரோடு இருந்த போட்டியும் ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாளில் மடிந்து வந்திருந்தன. அதைப் பிரித்துக்கொடு என்று கேட்க யாருக்கு மனம்வரும்? சுவிசேஷ சபைகளின் பக்கம் காணிக்கையை விதை என்றும் ஆசீர்வாதத்தை அறுவடை என்றும் மேடையில் சொல்லும்போது நிலைமை வேறு. அங்கே கணக்கை உள்ளே ஒளித்துவைக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. பாட்டியையும் அந்த மேடையையும் ஒரே சொல்லால் அடிக்க எனக்கு மனமில்லை.

கடைசியாகச் சீமோனிடமே போகலாம். பேதுரு திட்டியதும் அவன் எதிர்த்துப் பேசவில்லை. நீங்கள் சொன்னவை எதுவும் எனக்கு நேரிடாதபடி ஆண்டவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொள்கிறான். அத்தோடு லூக்கா அவனை விட்டுவிடுகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிற 'பேசா' என்ற பழைய புதிய ஏற்பாட்டு ஏட்டுச்சுவடி இந்த இடத்தில் ஒரு தொடரைக் கூடுதலாக வைத்திருக்கிறது. அவன் ஓயாமல் அழுதுகொண்டிருந்தான் என்று அதில் வருகிறது. இதை எழுதியவருக்குச் சீமோன்மேல் இரக்கம் இருந்திருக்கிறது.

அவன் வேண்டுதலில் குறைகண்டவர்கள் உண்டு. பாவத்துக்கு வருந்தவில்லை, தண்டனைக்குத்தான் பயந்தான் என்பார்கள். இருக்கட்டும். நம் வீடுகளில் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி வளர்ந்தவர்களுக்கு உத்தம மனஸ்தாபம் எது என்று தெரியும், கடவுளை நேசிப்பதால் வரும் துயரம். நரகத்துக்குப் பயந்து வரும் துயரம் அதற்கு ஒரு படி கீழே. திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இந்த இரண்டாவதையும் தள்ளிவிடவில்லை. அது பாசாங்கு அல்ல, கடவுளின் கொடைதான், பாவசங்கீர்த்தனத்தில் அருளைப் பெற மனிதனை ஆயத்தப்படுத்தும் என்றது. கலப்படமான எண்ணத்தோடு வருகிறவனுக்கும் கதவைத் திறந்துவைத்த தீர்மானம் அது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், இரெனேயுஸ் என்ன சொல்லியிருந்தாலும், சமாரியச் சீமோன் பேதுருவிடம் கேட்டது சங்கீர்த்தனத் தொட்டிக்குப் போக ஒரு மனிதனுக்குப் போதுமான அளவுதான்.